கணக்கில் வராத குழந்தைகள்

உபாத்தியாயர் தொழிலுக்கு வந்து எனக்கு இருபது வருஷங்கள் ஆகின்றன. இத்தனை வருஷங்களில் நான் அதிகமாகக் கையில் எடுத்த புத்தகம் எது என்று யாராவது கேட்டால், கம்பன் என்றோ வள்ளுவன் என்றோ சொல்லிப் பெருமை தேடிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை வேறு. நாள் தவறாமல் நான் எடுத்தது ஆஜர் புத்தகம் ஒன்றைத்தான். பெயரைக் கூப்பிட வேண்டியது. "உள்ளேன் ஐயா" என்று பதில் வந்தால் ஒரு கோடு. வராவிட்டால் ஒரு சுழி. இப்போது கைபேசியிலும் அதே கணக்கைப் பதிய வேண்டியிருக்கிறது என்றாலும், காரியம் பழைய காரியந்தான். மாதக் கடைசியில் கோடுகளைக் கூட்டிச் சதவிகிதம் போட்டுக் கொடுத்துவிட்டால் என் கடமை தீர்ந்தது. அந்தச் சுழிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நெடுங்காலம் நான் யோசித்ததில்லை.

யோசிக்கும்படி செய்தவள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. கணக்கில் கெட்டிக்காரி. பெற்றோர் தேனிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூருக்கு வந்தவர்கள். சென்ற மார்கழி மாதத்தில் ஒரு வாரம் அவள் பெயருக்கு நேரே தொடர்ந்து நான்கு சுழிகள் விழுந்தன. ஐந்தாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பள்ளிக்கூட வாசல் வரை வந்தவளைப் பிடித்துக் கொண்டேன்.

"பரீட்சை நெருங்குகிற சமயத்தில் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்கிறாய்?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன்.

"பாப்பாவுக்கு வயித்தால போகுது சார். அம்மாவும் அப்பாவும் கம்பெனிக்குப் போயிட்டாங்க. நான் வந்துட்டா பாப்பாவை யாரு சார் பாத்துக்குவாங்க?" என்றாள்.

கேள்வி நியாயமானது. எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத உபாத்தியாயர்கள் வழக்கமாகச் செய்வதுபோல், "சரி, சரி, போ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் மாலையில் மணி அடித்ததும் கால்கள் என் வீட்டுப் பக்கம் போகவில்லை; அவள் இருந்த காம்பவுண்டுப் பக்கம் போயின.

* * *

திருப்பூரை அறியாதவர்களுக்குக் 'காம்பவுண்டு' என்பதைச் சற்று விளக்க வேண்டும். நடுவில் ஒரு முற்றம். இரண்டு பக்கமும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு ஒற்றை அறை வீடுகள். முற்றத்தின் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்கு அப்பால் எல்லோருக்குமாக இரண்டு கழிப்பிடங்கள். உலகத்தின் பல தேசங்களில் ஜனங்கள் மேலே போட்டுக்கொள்ளும் பனியன் துணியை வெட்டித் தைத்து மடித்து அனுப்புகிறவர்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் குடியிருக்கிறார்கள். காலை எட்டரை மணிக்கு உள்ளே போனால் 'ஒன்றரை ஷிப்டு' முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாளின் கூலி இல்லை. 1932-ஆம் ஆண்டு ஜனவரியில் அடிபட்டு வீழ்ந்தபோதும் கொடியைக் கைவிடாத குமரனின் ஊர் இது. எடுத்ததை விடாமல் பிடித்துக் கொள்வது இந்த ஊர் மண்ணின் குணம் போலும். பீஸ் ரேட்டையும் இங்கே அப்படித்தான் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஒற்றை அறையில், நிலைப்படிக்கு அருகில் போட்ட ஒரு காடாத் துணியின் மேல் எட்டு மாதக் குழந்தை ஒன்று படுத்திருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் உண்டாகியிருக்காது. கண்கள் குழி விழுந்திருந்தன, உதடுகள் உலர்ந்திருந்தன, உச்சிக் குழி உள்ளே வாங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பியது.

"தண்ணீர் கொடுத்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். பக்கத்து வீட்டுப் பாட்டி குடுக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. குடுத்தா இன்னும் போகுமாம்."

இந்த வார்த்தையைக் கேட்டதும் என் நெஞ்சில் ஏதோ ஒன்று இடித்தது. நாற்பது வருஷங்களுக்கு முன்னால், இதே ஊரில், இதே வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன்.

ஓடிப்போய் மருந்துக் கடையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இரண்டு வாங்கி வந்தேன். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு பொட்டலத்தைக் கரைத்து, அந்தச் சிறுமியையே ஸ்பூனால் சிறிது சிறிதாகப் புகட்டச் சொன்னேன். பெற்றோருக்குச் சொல்லி அனுப்பப் பார்த்தால், கம்பெனியில் கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பிறகு ஓர் ஆட்டோவைப் பிடித்து மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அந்தப் பெண் ஸ்பூனை விடவில்லை.

நேயர்கள் கவலைப்பட வேண்டாம். குழந்தை பிழைத்துக் கொண்டது. மூன்றாம் நாள் சிரித்தது. ஆனால் அன்று இரவு அங்கிருந்த இளம் வைத்தியர் கேட்ட ஒரு கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

"ரோட்டா சொட்டு மருந்து மூன்று தடவையும் கொடுத்தாயிற்றா?" என்று அவர் கேட்டார். வேலை முடிந்து அலறிக்கொண்டு ஓடிவந்த தாயார் விழித்தாள். குழந்தை பிறந்தது சொந்த ஊரில். ஒரு தடவை ஏதோ சொட்டு விட்டார்கள். அதற்குப் பிறகு திருப்பூருக்கு வந்தாயிற்று. தடுப்பூசி அட்டை ஊரில் பெட்டிக்குள் இருக்கிறது. எந்தக் கிருமியால் வந்த பேதி என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், இந்த வயதில் இந்தப் பனிக்காலத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரோட்டா வைரஸைத்தான் என்றார் வைத்தியர்.

* * *

நாற்பது வருஷங்களுக்கு முந்திய அந்தச் சங்கதியை இனிச் சொல்லத்தான் வேண்டும்.

1985-ஆம் வருஷம். எனக்கு ஆறு வயது. என் தங்கைக்கு ஒரு வயது நிரம்பவில்லை. மூன்று நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தாள். பல் முளைக்கிற பேதி என்றார் ஒருவர். மாந்தம் என்றார் மற்றொருவர். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். என் தாயாரின் தாயார், எங்கள் அம்மிச்சி, மிகவும் நல்லவர். பேரப் பிள்ளைகளிடம் உயிரையே வைத்திருந்தவர். அவர்தான், "தண்ணி குடுக்காதே கண்ணு, உள்ளே போறதெல்லாம் அப்படியே வெளியே போகுது பாரு" என்று சொன்னார். குழந்தை தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக் கையை நீட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா செம்பை எடுத்து மறைத்து வைத்தாள். நான்காம் நாள் விடியற்காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மரணத்தை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. எந்தக் கிருமி என்று யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் அது ஒரு விசேஷச் செய்தியும் அல்ல. தெருவுக்கு ஒரு வீட்டில் அப்படி ஒரு குழந்தை போயிருக்கும். "கொடுத்து வைக்கவில்லை" என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பியபோது இரவு மணி பத்துக்கு மேல். என் தாயாருக்கு இப்போது எழுபது வயதாகிறது. நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏப்பா, அன்னைக்கு நம்ம பாப்பாவுக்குத் தண்ணி குடுத்திருந்தா பொழச்சிருப்பாளா?" என்று கேட்டார்.

பட்டப் படிப்புப் படித்தவன். பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன். உண்மையைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. "அப்போது இதெல்லாம் யாருக்கு அம்மா தெரியும்?" என்றேன். அது பாதி உண்மைதான்.

பாதி உண்மை என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1971-ஆம் ஆண்டில் வங்காளதேச யுத்தத்தின்போது எல்லை கடந்து வந்த அகதிகள் முகாம் ஒன்றில் காலரா பரவியது. இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் உப்பு நீர் தீர்ந்து போயிற்று. அங்கே பணி செய்த டாக்டர் திலீப் மஹலானபிஸ், உப்பையும் குளுகோஸ் சர்க்கரையையும் சமையல் சோடாவையும் அளவாகக் கலந்து பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினரையே குவளை குவளையாகப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. குடல் எவ்வளவு கெட்டிருந்தாலும் சர்க்கரை உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும் என்பதுதான் இதன் இரகசியம். ஆகவே, பேதியில் கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீரை மறுப்பதைப்போல் அபாயமான காரியம் வேறில்லை. என் தங்கை இறந்தது அதற்குப் பதினான்கு வருஷங்களுக்குப் பிறகு. தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லத்தான் யாரும் இல்லை.

* * *

உறக்கம் பிடிக்காத அந்த நாட்களில் ரோட்டா வைரஸைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்துக்கொண்டே போனபோது நான் போய்ச் சேர்ந்த இடம் ஏதோ தூர தேசத்துச் சோதனைச்சாலை அல்ல, நம்முடைய வேலூர். நான் சந்தித்த பெயர் டாக்டர் ககன்தீப் காங் என்ற பெண்மணியின் பெயர்.

1962-ஆம் ஆண்டில் சிம்லாவில் பிறந்தவர் இவர். தகப்பனார் ரயில்வேப் பொறியாளர். தாயார் என்னைப்போல் பள்ளிக்கூடத்து ஆசிரியர். தகப்பனாரின் உத்தியோகம் ஊர் ஊராக மாறியதால் பள்ளிக்கூடங்களும் பல மாறின. வைத்தியம் படிக்க வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். கிருமி இயலில் மேற்படிப்பும் படித்தார். கடல் கடந்து சென்று வைரஸ் ஆராய்ச்சியில் பயிற்சி பெற்றுத் திரும்பவும் வேலூருக்கே வந்து சேர்ந்தார். பெரிய சம்பளமும் பெரிய சோதனைச்சாலையும் உள்ள இடங்களைத் தேடிப் போகாமல், குழந்தைகளின் பேதியை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக் கொண்டார். கேட்பவர்கள் மூக்கைப் பொத்திக் கொள்ளும் விஷயந்தான். ஆனால் அன்றைய இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அதிகமாகக் கொண்டுபோன நோய்களில் அதுவும் ஒன்று.

ரோட்டா வைரஸை 1973-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் மின்னணு நுண்ணோக்கியின் மூலம் கண்டுபிடித்தார்கள். சக்கரம்போல் தோன்றியதால் லத்தீன் மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. சிறுகுடலின் உட்சுவரில் புகுந்து, உணவையும் நீரையும் உறிஞ்ச வேண்டிய அணுக்களை அது நாசம் செய்கிறது. உடம்பின் நீரும் உப்பும் வெளியே கொட்டுகின்றன. மிகக் கொஞ்சம் கிருமியே தொற்றுக்குப் போதும். கையைக் கழுவுவதும் சுத்தமான தண்ணீர் குடிப்பதும் பல நோய்களைத் தடுக்கும். இதை மட்டும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. பளிங்குத் தரை போட்ட பங்களாவிலும் ஐந்து வயதுக்குள் இந்தக் கிருமி தொடாத குழந்தை அநேகமாக இல்லை. வித்தியாசம் என்னவென்றால், பங்களாக் குழந்தை நாலு நாளில் எழுந்து விளையாடும். காம்பவுண்டுக் குழந்தைக்கு அந்த நாலு நாளைத் தாண்டுவதே பெரும்பாடு.

வேலூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? இதுதான் என்னை ஆச்சரியத்தில் ஆழ்த்திய பகுதி. அவர்கள் ஓர் ஆஜர் புத்தகம் வைத்தார்கள்!

வேலூர் நகரில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் நிறைந்த மூன்று குடியிருப்புகளில், 2002-ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகள் 452 பேரைப் பிறந்தவுடனேயே பதிவு செய்தார்கள். வாரந்தோறும் வீடு தேடிப் போனார்கள். குழந்தைக்குக் காய்ச்சலா, வாந்தியா, எத்தனை தடவை போயிற்று என்று கேட்டு எழுதினார்கள். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மலத்தை எடுத்துச் சென்று சோதித்தார்கள். ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, மூன்று வருஷம். வெயிலிலும் மழையிலும், அடைத்த கதவுகளைத் தட்டி, அலுத்துக் கொண்ட தாய்மார்களிடம் நயமாகப் பேசி, 373 குழந்தைகளின் கணக்கை மூன்று வருஷமும் முழுமையாக எழுதி முடித்தார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் ஆஜரை ஒரே அறையில் நின்றுகொண்டு எடுக்கிற எனக்கு அதன் அருமை நன்றாகத் தெரிகிறது.

அந்தக் கணக்கு என்ன சொல்லிற்று? அதற்கு முன், 1996-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ தேசத்தில் இதுபோல் 200 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்திருந்தார்கள். இரண்டு முறை இயற்கையாகத் தொற்று வந்துவிட்டால் அதற்குப்பின் கடுமையான நோய் வருவதில்லை என்று அங்கே கண்டார்கள். அப்படியானால் தடுப்பு மருந்தும் எளிதில் பலிக்கும் என்று உலகம் நம்பியது. வேலூரில் கதை வேறாக இருந்தது. ஆறு மாதம் முடிவதற்குள்ளாகவே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை, அதாவது நூற்றுக்கு 56 பேரை, கிருமி பிடித்துவிட்டது. மூன்று முறை தொற்று வந்த பிறகும் கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு நூற்றுக்கு 79 அளவில்தான் நின்றது. 2011-ஆம் ஆண்டில் இந்த முடிவு அச்சேறியது.

இதன் பொருள் என்ன? நம் குழந்தைகளைக் கிருமி சீக்கிரமாக வந்து பிடிக்கிறது. திரும்பத் திரும்ப வந்து பிடிக்கிறது. ஒரு தடவை வந்ததனால் மட்டும் விட்டுவிடுவதில்லை. ஆகவே வேறு தேசத்துக் குழந்தையின் கணக்கைக் கொண்டுவந்து நம் குழந்தையின் பெயருக்கு நேரே எழுதிக் கொள்வதற்கில்லை. நம் வீட்டுக் கணக்கை நாமே எடுத்தாக வேண்டும்.

அவர்கள் மற்றொரு கணக்கும் எடுத்தார்கள். 2005-ஆம் ஆண்டு தொடங்கி நாட்டின் பல ஆஸ்பத்திரிகள் ஒன்று சேர்ந்து, பேதிக்காகச் சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகளைச் சோதித்தன. ஐந்தில் இரண்டு குழந்தைகளிடம் ரோட்டா இருந்தது. எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தபோது, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 78,000 பேர் இந்த ஒரு கிருமியால் இறக்கிறார்கள் என்று 2014-ஆம் ஆண்டில் மதிப்பிட்டு வெளியிட்டார்கள். "கொடுத்து வைக்கவில்லை" என்று ஊர் சொல்லிக் கொண்டிருந்த சங்கதிக்கு ஓர் எண் கிடைத்தது. எண் கிடைத்த பிறகு சர்க்காரிடம் போய்ப் பேச முடியும். பேசினார்கள்.

* * *

தடுப்பு மருந்தின் கதையிலும் நாம் பெருமைப்பட இடம் இருக்கிறது. 1980-களின் நடுவில் டெல்லி ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்த குழந்தைகள் சிலரிடம் ஒரு வகை ரோட்டா காணப்பட்டது. ஆனால் அக்குழந்தைகளுக்கு நோய் எதுவும் உண்டாகவில்லை. நோய் செய்யாத அந்தக் கிருமியையே மருந்தாக்கலாமே என்று எண்ணியவர் டாக்டர் மகாராஜ் கிஷன் பான். இந்த நாட்டு ஆராய்ச்சி நிலையங்களும் அமெரிக்க நிபுணர்களும் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் கம்பெனியும் சேர்ந்து அதை மருந்தாக உருவாக்க ஏறக்குறைய முப்பது வருஷங்கள் பிடித்தன. என் தங்கை மறைந்த அதே காலத்தில் எங்கோ டெல்லியில் ஒரு தொட்டிலில் மருந்தின் விதை கிடந்திருக்கிறது என்பதை எண்ணும்போது மனம் என்னவோ செய்கிறது.

டெல்லி, புனா, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் மருந்து பரிசோதிக்கப்பட்டது. வேலூரில் அந்தப் பொறுப்பை ஏற்றவர்கள் டாக்டர் காங்கின் குழுவினர். 2014-ல் முடிவு வெளியாயிற்று. கடுமையான ரோட்டா பேதியை முதல் வருஷத்தில் நூற்றுக்கு 56 என்ற அளவில் அது தடுத்தது. மேனாட்டு மருந்துகளின் விலை நமக்கு எட்டாத உயரத்தில் இருந்தபோது, இதைச் சர்க்காருக்கு ஒரு தடவைக்கு ஒரு டாலர் என்ற அளவில் தருவதாகக் கம்பெனியார் ஒப்புக்கொண்டார்கள். 2016-ஆம் ஆண்டில் ஒடிஸா, ஆந்திரம், ஹரியானா, ஹிமாசலம் ஆகிய நான்கு மாகாணங்களில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2019-க்குள் தேசம் முழுவதும் பரவியது.

"நூற்றுக்கு ஐம்பத்தாறுதானா? பாதிதானே?" என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பரீட்சையில் ஐம்பத்தாறு வாங்குகிற பையனை நான் மெச்சுவதில்லை. ஆனால் இங்கே பாதி என்பது விடைத்தாளில் பாதி அல்ல, தொட்டில்களில் பாதி. பணக்கார தேசத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு தடுக்கும் மருந்து காப்பாற்றுகிற உயிர்களைவிட, இறப்பு மிகுந்த நம் தேசத்தில் நூற்றுக்கு ஐம்பது தடுக்கும் மருந்து காப்பாற்றுகிற உயிர்கள் அதிகம். இந்த எளிய கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும்.

"இதனால் குழந்தைக்குக் கெடுதல் வராதா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. கேட்பது தாயின் உரிமை. 1998-ல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கொள்ளும் கோளாறை உண்டாக்கியதால் அடுத்த வருஷமே நிறுத்தப்பட்டது. அதை மறக்காமல், நம் நாட்டில் மருந்து வழக்கத்துக்கு வந்த பிறகும் பல ஆஸ்பத்திரிகளில் இந்தக் கோளாற்றைத் தனியாகக் கண்காணித்தார்கள். மருந்தினால் அது அதிகமாகவில்லை என்று 2020-ல் வெளியிட்டார்கள். மருந்தைக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று கணக்குப் புத்தகத்தை அவர்கள் மூடிவிடவில்லை.

பலனையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பேதிக்காக ஆஸ்பத்திரியில் சேரும் சிறு குழந்தைகளில் முன்பு ஐந்தில் இரண்டு பேரிடம் இருந்த ரோட்டா, மருந்து வந்த பிறகு ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொஸைட்டி டாக்டர் காங்கைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பணி செய்யும் பெண் விஞ்ஞானி ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை. கௌரவம் பெரிதுதான். ஆனால் வேலூர்ச் சந்துகளில் கதவைத் தட்டி, "பாப்பாவுக்கு இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்ட பெயர் தெரியாத பணியாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

* * *

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு நான் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை வகுப்பில், "யார் யார் வீட்டில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிறது?" என்று கேட்டேன். ஆறு கைகள் எழுந்தன. மறுநாள் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்றுதான் வந்தன. மற்ற மூன்றும், ஒன்று மதுரைப் பக்கத்தில், ஒன்று பீகாரில், ஒன்று எங்கே என்று தெரியவில்லை. பிழைப்புக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறும்போது பாத்திரத்தை மறப்பதில்லை, அட்டையை மறந்துவிடுகிறார்கள். சுகாதாரச் செவிலியர் அம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அட்டை இல்லாவிட்டால் என்ன சார்? குழந்தை இருக்கிறதல்லவா? புதன்கிழமை அழைத்துவரச் சொல்லுங்கள்" என்றார். எந்த ஊரில் பிறந்த குழந்தையானாலும் இருக்கிற ஊரில் மருந்து உண்டு என்பது அன்றுவரை எனக்கே தெரியாது.

ஆகவே நேயர்களுக்கும் சொல்லி வைக்கிறேன். பிறந்த ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் மூன்று தடவை வாய்வழியாக இந்த மருந்தைக் கொடுக்க வேண்டும். பேதி வந்தால் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. உப்புச் சர்க்கரை நீரைக் கைவிடக்கூடாது. வைத்தியர் தரும் துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாளும் கொடுக்க வேண்டும். குழந்தை சோர்ந்து கண் குழி விழுந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற வீடுகளில் குழந்தையின் அட்டை பீரோவில் பத்திரமாகவே இருக்கும். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் குழந்தைக்கு, உங்கள் கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண்ணின் குழந்தைக்கு அந்த அட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 1985-ல் எங்கள் வீட்டுக்கு வராத வார்த்தை அது ஒன்றுதான்.

என் தாயாரிடம் நான் சொன்ன பாதி உண்மையை அப்படியே விட்டுவிட மனம் இடம் கொடுக்கவில்லை. பொங்கல் கழிந்த பிறகு ஒரு மாலை, நான் படித்ததையெல்லாம் அவருக்கு விளக்கினேன். "தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் அம்மா. ஆனால் அதை உனக்குச் சொல்ல வேண்டியவர்கள் வந்து சொல்லவில்லை. குற்றம் உன்னுடையதல்ல, அம்மிச்சியுடையதும் அல்ல" என்றேன்.

அம்மா அழவில்லை. "அவங்க கணக்கு எழுதினாங்கன்னு சொன்னியே, அதிலே நம்ம பாப்பா உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா. அது பிறகு எடுத்த கணக்கு."

"சரி, போகட்டும். அந்தத் தேனிக்காரப் பொண்ணோட பாப்பாவுக்கு அடுத்த சொட்டு எப்போ? மறந்துடாதே" என்றார்.

மறக்கவில்லை. வைத்தியரிடம் கேட்டு மீதி இரண்டு தடவையும் கொடுத்தாயிற்று. அந்தப் பெண் இப்போது ஒழுங்காக வகுப்புக்கு வருகிறாள். ஆஜர் புத்தகத்தில் நான் இன்னமும் சுழி போடத்தான் செய்கிறேன். ஆனால் ஒரு பெயருக்கு நேரே இரண்டு சுழி சேர்ந்து விழுந்தால், அன்று மாலை என்ன சமாசாரம் என்று விசாரிக்காமல் வீடு திரும்புவதில்லை.